வில்பிடி (வயலின்)

வில்பிடி என்பது வயலின் இசைப்பவர் தமது வலது கையால் வில்லைப் பற்றும் முறையைக் குறிக்கும். வயலினில் சுரத்தின் இடத்தை இடது கை தீர்மானிக்கின்றது. ஒலியின் அளவு, நிறம், தொடக்கம், முடிவு, தொடர்ச்சி ஆகிய யாவும் வலது கையைப் பொறுத்தவை. ஆகவே வயலின் கற்கத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியவற்றுள் வில்பிடி முதன்மையானதாகும்.

"பிடி" என்ற சொல் வழக்கில் நிலைத்துவிட்டாலும் அது சற்றுத் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது. சுத்தியலைப் பிடிப்பதுபோல் வில்லை இறுகப் பற்றுவதில்லை. கட்டைவிரலின் மேல் வில்லை நிறுத்தி, மற்ற நான்கு விரல்களால் அதனைச் சமன்செய்து கொள்வதே வில்பிடியாகும். வில் நகரும்போது இந்தச் சமநிலை கணந்தோறும் மாறுகின்றது. அதற்கேற்ப விரல்களும் மாற வேண்டும். படத்தில் உள்ளதுபோல் விரல்களை மிகச் சரியாக அடுக்கி, பின்னர் அப்படியே உறைந்துபோன கையைவிட, ஓரிரு விரல்கள் சற்று இடம் தவறியிருந்தாலும் தளர்வாக இயங்கும் கை மேலானது.

வில்பிடியில் பல மரபுகள் உள்ளன. இன்று தொடக்கநிலை மாணவர்களுக்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் பிராங்கோ-பெல்ஜியப் பிடியே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகின்றது.

வில்லின் அமைப்பு

முழு அளவு வயலின் வில் ஏறத்தாழ 74 முதல் 75 செ.மீ நீளமும், சுமார் 60 கிராம் எடையும் கொண்டது. இதன் முதன்மைப் பகுதி உட்புறமாக வளைந்த ஒரு மரத்தண்டு ஆகும். தண்டின் நுனியிலிருந்து அடிவரை 150 முதல் 200 வரையிலான குதிரைமயிர்கள் நாடாபோல் கட்டப்பட்டிருக்கும். அடிப்பக்கத்தில் மயிரைப் பிடித்திருக்கும் சிறு கருங்காலிக் கட்டைக்கு ஆங்கிலத்தில் தவளை என்று பொருள்படும் ஃபிராக் என்பது பெயர். கடைசியில் உள்ள திருகைத் திருப்பினால் ஃபிராக் முன்னும் பின்னும் நகர்ந்து மயிரை இறுக்கவோ தளர்த்தவோ செய்யும். ஃபிராக்கிற்குச் சற்று மேலே தண்டின் மீது ஒரு தோலுறையும், அதனை அடுத்து வெள்ளிக் கம்பிச் சுற்றும் இருக்கும். கட்டைவிரல் வழுக்காமல் இருப்பதற்காகவே இந்தத் தோலுறை.

இன்றைய வில்லின் வடிவத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைநிறுத்தியவர் பாரிசைச் சேர்ந்த பிரான்சுவா சேவியர் தூர்த் (1747–1835) என்பவராவார். உயர்தர விற்கள் பிரேசில் நாட்டின் பெர்னாம்புகோ மரத்தால் செய்யப்படுகின்றன. இம்மரம் நம் நாட்டில் குடிநீருக்குச் செந்நிறம் ஊட்டப் பயன்படும் பதிமுகத்தின் உறவு மரமாகும். இதுவும் முதலில் சாயத்திற்காகவே வெட்டப்பட்டது. அருகிவருவதால் 2007இல் இம்மரம் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிசு உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாணவர்கள் வாங்கும் விற்கள் பெரும்பாலும் வேறு மரங்களாலோ கார்பன் இழையாலோ ஆனவை. பழகுவதற்கு இவை போதுமானவை. ஆனால் வில் நேராக இருத்தல் வேண்டும், மயிர் சீராக இறுகுதல் வேண்டும். கோணலான வில்லைக் கொண்டு வில்பிடி பழக முயல்வது வீண்.

இசைக்கும் முன் தண்டுக்கும் மயிருக்கும் இடையே நடுப்பகுதியில் ஒரு பென்சிலின் பருமன் அளவுக்கு இடைவெளி இருக்கும்படி இறுக்கி, முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். மயிரை விரலால் தொடுதல் கூடாது. எண்ணெய்ப் பசை பட்டால் ரோசின் அங்கே ஒட்டாது.

நெம்புகோலாக வில்

வில்பிடியின் விதிகள் வெறும் மரபால் வந்தவை என்று கருதுவோர் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு எளிய பள்ளி இயற்பியலே காரணம் கூறும்.

வில்லின் ஈர்ப்பு மையம் தண்டின் அடிமுனையிலிருந்து ஏறத்தாழ 24 அல்லது 25 செ.மீ தொலைவில் உள்ளது. கட்டைவிரல் ஃபிராக்கின் விளிம்பில் இருப்பதால், அதிலிருந்து ஈர்ப்பு மையம் சுமார் 19 செ.மீ தள்ளி இருக்கும். கட்டைவிரலும் நடுவிரலும் சந்திக்கும் இடத்தை அச்சாகக் கொள்வோம். 60 கிராம் வில்லைக் காற்றில் கிடையாக நிறுத்த வேண்டுமெனில், அச்சின் மறுபக்கத்தில் 4 செ.மீ தொலைவில் உள்ள சுண்டுவிரல் 60 × 19 ÷ 4, அதாவது சுமார் 285 கிராம் எடைக்கு ஈடான விசையைக் கீழ்நோக்கித் தர வேண்டும். கால் கிலோவுக்கு மேற்பட்ட இந்தச் சுமையை ஐந்து விரல்களுள் மிக மெலிந்த விரல் தாங்குகின்றது. முதல் வாரத்தில் சுண்டுவிரல் நடுங்குவதும், மடங்காமல் விறைத்துக்கொள்வதும், தண்டிலிருந்து நழுவிவிடுவதும் மாணவரின் கவனக் குறைவால் அல்ல என்பது இதனால் விளங்கும்.

வில் தந்தியின் மேல் அமர்ந்தவுடன் நிலைமை மாறுகின்றது. வில்லின் நுனி தந்தியைத் தொடும்போது, தொடும் இடம் அச்சிலிருந்து சுமார் 62 செ.மீ தொலைவில் இருக்கும். விரல்கள் எதுவும் செய்யாவிட்டால் தந்தியின் மீது விழும் எடை 60 × 19 ÷ 62, அதாவது 18 கிராம் மட்டுமே. அதே வில்லின் அடிப்பகுதி, அச்சிலிருந்து 6 செ.மீ அப்பால், தந்தியைத் தொட்டால் அங்கே விழும் எடை 190 கிராம் ஆகும். ஒரே வில் வீச்சில் பத்து மடங்கு வேறுபாடு ஏற்படுகின்றது. பயிற்சியற்ற கை வில்லை இழுக்கும்போது அடியில் கரகரப்பும் நுனியில் கிசுகிசுப்பும் கேட்பதற்கு இதுவே காரணம். ஒலி சீராக இருக்க, அடியில் சுண்டுவிரல் எடையைக் குறைக்கவும், நுனியில் சுட்டுவிரல் எடையைக் கூட்டவும் வேண்டும்.

சுட்டுவிரலின் பணி இன்னும் கடினமானது. அது அச்சிலிருந்து இரண்டரை செ.மீ தொலைவில் உள்ளது. நுனியில் 50 கிராம் எடையைக் கூட்ட அது 50 × 62 ÷ 2.5, அதாவது ஏறத்தாழ 1240 கிராம் விசையைத் தர வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட இவ்விசையைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளுவதால் உண்டாக்க முனைந்தால் கை சில நிமிடங்களில் களைத்துவிடும். தேர்ந்தவர்கள் கிள்ளுவதில்லை. கதவின் குமிழைத் திருப்புவதுபோல் முன்கை முழுவதையும் சற்றே உட்புறமாகத் திருப்புகின்றனர். கையின் எடை சுட்டுவிரல் வழியாகத் தண்டில் இறங்குகின்றது. விரல் அங்கே விசையைக் கடத்தும் பாலமாக மட்டுமே உள்ளது.

மேலே தந்த எண்கள் தோராயமானவை. வில்லுக்கு வில், கைக்குக் கை இவை மாறும்.

ஒலியுடன் உள்ள தொடர்பு

வில் இழுபடும்போது ரோசின் பூசிய மயிர் தந்தியைப் பற்றி இழுத்துச் சென்று, பின்னர் நழுவவிட்டு, மீண்டும் பற்றுகின்றது. நொடிக்குப் பல நூறு முறை நிகழும் இந்தப் பற்றலும் நழுவலும் தந்தியில் உண்டாக்கும் அசைவை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் எர்மன் வான் எல்ம்கோல்ட்சு கண்டு விளக்கினார். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அதற்கு முன்னர் பல ஆண்டுகள் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1918இல், வில்லால் இசைக்கப்படும் தந்திகளின் அதிர்வு பற்றி விரிவான ஆய்வு நூலொன்றை வெளியிட்டார். தொடர்ந்து, மனிதக் கைக்குப் பதிலாக இயந்திர அமைப்பைக் கொண்டு வயலினை ஒலிக்கச் செய்து, வில்லின் வேகம், அழுத்தம், தொடும் இடம் ஆகியவற்றுக்கு இடையேயான தொடர்பை அளந்தார்.

பின்னர் 1973இல் அமெரிக்கரான ஜான் செலெங் இத்தொடர்பை ஒரு வரைபடமாகத் தந்தார். அதன்படி, குறிப்பிட்ட வேகத்தில் வில்லை இழுக்கும்போது நல்ல ஒலி பிறக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தமும் ஒரு மிகைபட்ச அழுத்தமும் உள்ளன. முன்னதற்குக் கீழே போனால் ஒலி மெலிந்து பிசிறடிக்கும். பின்னதற்கு மேலே போனால் தந்தி நசுங்கியதுபோல் கரகரக்கும். தந்திகளைத் தாங்கும் குதிரையை (மயிர் தரும் குதிரை அன்று; வீணையில் உள்ளது போன்ற சிறு மரத்தாங்கி) வில் நெருங்க நெருங்க இவ்விரு எல்லைகளுக்கும் இடையேயான வெளி சுருங்கிக்கொண்டே போகும். வில்லை எவ்வளவு அழுத்துவது என்பதற்கு ஒற்றை விடை இல்லாமற்போவதும், கை இடையறாது திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதும் இதனாலேயே. இறுகிப்போன கையால் இத்திருத்தங்களைச் செய்ய இயலாது.

விரல்களின் இடம்

முதலில் இடது கையால் வில்லை அதன் நடுப்பகுதியில் தாங்கிக்கொள்ள வேண்டும். வலது கையைத் தோளிலிருந்து தொங்கவிட்டு உதறினால், விரல்கள் தாமாகவே சற்று மடங்கி, ஒன்றுக்கொன்று சிறு இடைவெளியுடன் நிற்கும். அந்த வடிவமே வில்பிடியின் வடிவம். விரல்களை வில்லுக்காக வளைப்பதைவிட, வளைந்திருக்கும் விரல்களுக்கு இடையே வில்லைக் கொண்டுவந்து வைப்பது நல்லது.

கட்டைவிரலே அடிப்படை. அதன் நுனியின் ஓரம், நகத்தை ஒட்டிய சதை, தோலுறையும் ஃபிராக்கும் சந்திக்கும் இடத்தில் தண்டின் கீழ்ப்பக்கத்தைத் தொட வேண்டும். கணு வெளிப்புறமாகச் சற்று மடங்கியிருக்க வேண்டும். இதனை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். கட்டைவிரல் நேராக விறைத்தால் அதன் அடியில் உள்ள தசை இறுகும்; அது இறுகினால் மணிக்கட்டு இறுகும்; மணிக்கட்டு இறுகினால் முழங்கை வரை அசைவு தடைப்படும். ஆசிரியர்கள் மாணவரின் கையில் முதலில் கட்டைவிரலைப் பார்ப்பது இதனாலேயே.

நடுவிரல் கட்டைவிரலுக்கு எதிரே தண்டின் மேலாக வளைந்து இறங்கும். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு வளையம்போல் அமையும். வில்லைக் கீழே விழாமல் வைத்திருப்பது இந்த வளையம்தான். மற்ற மூன்று விரல்களையும் எடுத்துவிட்டாலும் வில் கையிலேயே நிற்கும். மோதிரவிரல் நடுவிரலை அடுத்து ஃபிராக்கின் பக்கவாட்டில் படியும். பல விற்களில் அவ்விடத்தில் முத்துச்சிப்பியால் ஆன ஒரு வட்டப் பொட்டு இருக்கும். விரல்நுனி அதன் அருகே வரும்.

சுட்டுவிரலின் உள்பக்கம் தண்டின் மேல் சாய்ந்திருக்கும். பிராங்கோ-பெல்ஜியப் பிடியில் தண்டு விரலின் நடுக்கணுவுக்கு அருகே தொடும். சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே சிறு இடைவெளி விடுவது வழக்கம். அது நெம்புகோலின் நீளத்தைச் சற்றுக் கூட்டுகின்றது. சுண்டுவிரல் மட்டும் நுனியால் தண்டின் மேற்பக்கத்தில் நிற்கும், அதுவும் வளைந்து. தண்டின் அடிப்பகுதி பெரும்பாலும் எண்பட்டையாக இருப்பதால், உச்சிப் பட்டையிலோ அதனை அடுத்து இசைப்பவர் பக்கமுள்ள பட்டையிலோ அதனை வைக்கலாம். உள்ளங்கை எங்கும் தொடாது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒரு சிறு எலுமிச்சம்பழம் இருப்பதாக எண்ணிக்கொண்டால் கை நசுங்காமல் இருக்கும்.

வில் அடியிலிருந்து நுனிக்குச் செல்லும்போது வளைந்திருந்த விரல்கள் மெல்ல நீளும். எடை சுண்டுவிரலிலிருந்து சுட்டுவிரலுக்கு மாறும். நுனியை அடையும்போது சுண்டுவிரல் ஏறக்குறைய நேராகிவிடும். கைகள் குட்டையானவர்களுக்கு அது தண்டைவிட்டு எழுவதும் உண்டு. திரும்பி வரும்போது எல்லாம் தலைகீழாக நிகழும். இவான் கலாமியன் (1903–1981) 1962இல் வெளியிட்ட தமது நூலில் கையின் கணுக்கள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைந்த சுருள்வில்களின் தொகுதியாக விளக்கினார். தொடக்கநிலை மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

தொடக்கப் பயிற்சிகள்

வில்லும் வயலினும் ஒருசேரக் கையில் இருந்தால் கவனம் சிதறும். ஆகவே முதல் சில நாட்கள் வயலின் இல்லாமலேயே பழகுவது வழக்கம். அதிலும் முதலில் ஒரு பென்சிலே போதும். அதற்கு எடை இல்லையாதலால் சுண்டுவிரல் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

மேலைநாட்டு ஆசிரியர்கள் குழந்தைகளுக்கு நடுவிரலையும் மோதிரவிரலையும் கட்டைவிரலோடு சேர்த்து முயல்முகம் செய்துகாட்டச் சொல்வர்; நிமிர்ந்து நிற்கும் மற்ற இரு விரல்களும் முயலின் காதுகள். பரதநாட்டியம் பயின்ற பிள்ளைகளுக்கு இது புதியதன்று. ஒற்றைக் கை முத்திரைகளுள் ஒன்றான சிம்மமுகம் இதே அமைப்பைக் கொண்டது. சிம்மமுகத்தில் கட்டைவிரலுக்கும் மற்ற இரு விரல்களுக்கும் இடையே பென்சிலைச் செருகி, விரல்களைச் சற்று வளைத்து, நிமிர்ந்திருக்கும் சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் மெல்ல இறக்கி அதன்மேல் வைத்தால் வில்பிடி கிடைத்துவிடும்.

பென்சிலுக்கு அடுத்து வில். அதனை உடனே அடியில் பிடிக்காமல், ஈர்ப்பு மையத்திற்கு அருகே பிடித்துப் பழகுவது எளிது. அங்கே வில் இருபுறமும் சமமாக நிற்பதால் சுண்டுவிரலில் சுமை விழாது. விரல்களின் வடிவம் நிலைத்த பின்னர், சில நாட்களில் சிறிது சிறிதாக அடிப்பக்கம் நகர்ந்து வரலாம். ஜப்பானியரான சினிச்சி சுசுகியின் (1898–1998) முறையில் வேறொரு வழி கையாளப்படுகின்றது. அதில் தொடக்க மாணவர் கட்டைவிரலைத் தண்டின்மேல் வைக்காமல் ஃபிராக்கின் வெளிப்புறத்தில், அடியில் வைத்துப் பிடிக்கின்றனர். சிறு குழந்தைகளுக்குக் கட்டைவிரலை மடக்கி வைப்பதற்கு இது உதவுகின்றது. கை உறுதிப்பட்டதும் வழக்கமான இடத்திற்கு மாற்றிவிடுவர்.

வில்லைச் செங்குத்தாக, நுனி மேலே இருக்குமாறு பிடித்து, விரல்களின் வடிவம் கலையாமல் நுனியை இடமும் வலமும் சாய்த்து மீட்பது அடுத்த பயிற்சி. கார் கண்ணாடித் துடைப்பானின் அசைவைப் போன்றது இது. செங்குத்தாக இருக்கையில் எடை குறைவு. சாயச் சாய எடை கூடும். இடப்பக்கம் சாயும்போது சுண்டுவிரல் விழித்துக்கொள்வதை மாணவரே உணரலாம். இதே நிலையில் சுண்டுவிரலை மட்டும் தூக்கித் தூக்கி வைப்பது அவ்விரலுக்கு வலுவூட்டும். வில்லைச் செங்குத்தாகப் பிடித்து விரல்களாலேயே தண்டின் மேல் ஏறி இறங்கும் சிலந்தி நடை குழந்தைகளுக்குப் பிடித்தமானது. ஆனால் அது தொடக்கத்திலேயே செய்வதற்குரியதன்று. வில் கீழே விழுந்து நுனி உடைந்தால் செப்பனிடுவது கடினம்.

இவை யாவற்றையும்விடப் பயன் தருவது, வில்லைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுப்பதாகும். ஒருமுறை சரியாகப் பிடித்து அரைமணி நேரம் அப்படியே இருப்பதால் கை இறுகுமே தவிரக் கற்பதில்லை. ஐந்து நிமிடத்தில் பத்துமுறை எடுத்துப் பிடித்து வைப்பவருக்கு ஒரு வாரத்தில் விரல்கள் தாமே இடத்திற்குச் செல்லும்.

தந்தியின் மேல் வில்லை வைக்கும்போது நடுத்தந்திகள் இரண்டில் ஒன்றில், வில்லின் நடுப்பகுதியில், ஒரு சாண் அளவுக்குள் இழுத்துத் தொடங்க வேண்டும். அங்கே எடையைத் திருத்த வேண்டிய தேவை மிகக் குறைவு. அடியிலும் நுனியிலும் இழுப்பது பின்னர் வரட்டும். எதிரே ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால் வில் குதிரைக்கு இணையாகச் செல்கின்றதா என்பதையும், கட்டைவிரல் மடங்கியுள்ளதா என்பதையும் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமான பிழைகளும் அவற்றின் விளைவுகளும்

பெரும்பாலான பிழைகளுக்கு வில் விழுந்துவிடுமோ என்ற அச்சமே வேர். அச்சத்தால் மாணவர் ஐந்து விரல்களையும் இறுக்குகின்றார். கட்டைவிரல் நேராகின்றது, சுண்டுவிரல் குச்சிபோல் விறைக்கின்றது, சுட்டுவிரல் கொக்கிபோல் தண்டைச் சுற்றிக்கொள்கின்றது. ஒலி கரகரப்பாக வருவதைக் கேட்டு மேலும் இறுக்குகின்றார். கைமுட்டி மடக்கியது போன்ற இந்தப் பிடியில் வில்லைத் திருப்பும் இடங்களில் ஒவ்வொரு முறையும் ஒரு குத்து கேட்கும். ஏனெனில் திசைமாற்றத்தின் அதிர்வை உள்வாங்க வேண்டிய விரற்கணுக்கள் பூட்டிக் கிடக்கின்றன.

சிலர் சுண்டுவிரலைப் பயன்படுத்தாமல் காற்றில் நீட்டிவிடுவர். மொசார்ட்டின் தந்தையும் ஆசிரியருமான லியோபோல்டு மொசார்ட் 1756இல் வெளியிட்ட வயலின் பாடநூலிலேயே இதைக் கண்டித்துள்ளார். சுண்டுவிரல் எப்போதும் வில்லின் மேல் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. சுட்டுவிரலைத் தண்டின் வழியே நீட்டுவதையும் அவர் தவறெனப் படம் போட்டுக் காட்டினார். மாணவர்களின் பிழைகள் இரண்டரை நூற்றாண்டுகளில் அதிகம் மாறிவிடவில்லை போலும்.

தவறான பிடியால் ஒலி மட்டும் கெடுவதில்லை. இறுகிய கையோடு நாள்தோறும் பல மணி நேரம் பயில்பவர்களுக்குக் கட்டைவிரலின் அடித்தசை, மணிக்கட்டு, முன்கை ஆகியவற்றில் வலி ஏற்படலாம். புதிய வேலையைச் செய்யும் தசை சிறிது அசதியாவது இயல்பு. சுருக்கென்ற வலியும் மரத்துப்போதலும் இயல்பல்ல. அவ்வாறு தோன்றினால் பயிற்சியை நிறுத்தி ஆசிரியரிடம் காட்ட வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு சாதகம் செய்வது அருமையான பண்பாகச் சில இடங்களில் போற்றப்படுகின்றது. வில்பிடியைப் பொறுத்தவரை அது தவறான பழக்கத்தை ஆழப் பதிக்கும் வழியே ஆகும். பதிந்த பிடியை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிட நெடுநாள் பிடிக்கும் வேலை.

குழந்தைகளுக்கு வில்லின் அளவும் முக்கியமானது. வயலினைப் போலவே வில்லும் 1/16 முதல் முழு அளவு வரை பல அளவுகளில் கிடைக்கின்றது. வளர்ந்த பின் உதவும் என்று பெரிய வில்லை வாங்கிக் கொடுத்தால், மேலே கண்ட கணக்கின்படி சுண்டுவிரலின் சுமை கூடும். பிள்ளை வில்லைக் கைமுட்டியால் பற்றத்தான் செய்யும். விரல்களை இடத்தில் நிறுத்த உதவும் ரப்பர் அச்சுகளும் கடைகளில் கிடைக்கின்றன. தொடக்க வாரங்களில் அவை பயன்படலாம். ஆயினும் அவை விரலின் இடத்தைக் காட்டுமேயன்றி எடை மாறுவதைக் கற்பிக்கமாட்டா.

வரலாறும் மரபுகளும்

பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சில் நடனத்திற்கு வயலின் இசைத்தவர்கள் கட்டைவிரலை மயிருக்குக் கீழே வைத்துப் பிடித்தனர். குட்டையான வில்லால் தாளத்தை அழுத்தமாகக் காட்ட அது ஏற்றதாக இருந்தது. இத்தாலியர் கட்டைவிரலைத் தண்டுக்கும் மயிருக்கும் இடையே வைத்தனர். இப்பிடியே பின்னர் எங்கும் பரவியது. அக்காலத்தில் ஃபிராக்கிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடிப்பது இயல்பாக இருந்ததை செமினியானி 1751இல் எழுதிய நூலிலிருந்து அறியலாம். தூர்த்தின் வில் பரவலான பின்னர், கை படிப்படியாக ஃபிராக்கை நோக்கி நகர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிசு, பிரசெல்சு நகரங்களின் இசைப்பள்ளிகளை ஒட்டி வளர்ந்த மரபே பிராங்கோ-பெல்ஜிய மரபு எனப்படுகின்றது. கார்ல் பிளெசு 1923இல் வெளியிட்ட நூலில் தம் காலத்துப் பிடிகளை மூன்றாகப் பிரித்தார். பழைய ஜெர்மானியப் பிடியில் தண்டு சுட்டுவிரலின் நுனிக்கணுப் பக்கத்திலும், பிராங்கோ-பெல்ஜியப் பிடியில் நடுக்கணுவருகிலும், ரஷ்யப் பிடியில் அதனையும் தாண்டி விரலின் அடிப்பக்கத்திலும் தொடும் என்பது அவர் கண்ட வேறுபாடு. ரஷ்யப் பிடியில் கை சுட்டுவிரல் பக்கம் அதிகம் சாய்வதால் நுனியிலும் நிறைந்த ஒலியை எளிதில் பெறலாம். அடியில் சுண்டுவிரலின் கட்டுப்பாடு குறையும்.

ரஷ்யப் பிடி பெரும்பாலும் செயின்ட் பீட்டர்சுபர்க்கில் கற்பித்த லியோபோல்டு ஆவரின் (1845–1930) மாணவர்களோடு இணைத்துப் பேசப்படுகின்றது. யாசா ஐபெட்சு அவர்களுள் புகழ்பெற்றவர். ஆனால் ஆவரோ தமது 1921ஆம் ஆண்டு நூலில், கைகள் வேறுபடுவதால் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தர இயலாது என்ற கருத்தையே தெரிவித்தார். அவருடைய மாணவர்களின் பிடிகளும் ஒன்றுபோல் இருக்கவில்லை. தொடக்க மாணவர் எந்த மரபைத் தேர்வது என்று குழம்ப வேண்டியதில்லை. தம் ஆசிரியரின் முறையைப் பின்பற்றினால் போதும். மடங்கிய கட்டைவிரலும் தளர்ந்த கணுக்களும் இம்மூன்றுக்கும் பொதுவானவை.

கருநாடக இசையில்

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் மேலைநாட்டு முறையில் வயலின் கற்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகின்றார். கருவியும் வில்லும் மாறவில்லை; அமரும் முறை மாறியது. இசைப்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் சுருள் தலையை வலது கணுக்காலின் அருகே ஊன்றி, மறுமுனையை இடது தோளின் பக்கமாகச் சாய்த்துக்கொள்கின்றார்.

வில்பிடியின் விரல் அமைப்பு இங்கும் அடிப்படையில் அதுவே. கையின் நிலைதான் வேறு. கருவி முன்னோக்கிக் கீழே சரிந்திருப்பதால் வலது முழங்கை தாழ்ந்து உடலுக்கு அருகே வருகின்றது. தந்திகளின் சரிவு விரற்பலகைப் பக்கமாக இருப்பதால் வில் அப்பக்கம் நழுவப் பார்க்கும். விரல்கள் அதனைக் குதிரைக்கருகே நிறுத்திவைக்க வேண்டும். அழுத்திப் பிடித்து நிறுத்த முயல்வோர் மேற்கூறிய எல்லாப் பிழைகளுக்கும் ஆளாவர். வில்லின் பாதையைக் கண்ணால் பார்த்து முழங்கையால் திருத்துவதே முறை.

இசையின் தேவையும் வேறுபட்டது. கமகத்தில் இடது விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும்போது வில் அறுபடாமல் ஓட வேண்டும். பாட்டுக்குப் பக்கம் வாசிப்பவர் சாகித்தியத்தின் சொற்பிரிப்பை ஒட்டி வில்லை மாற்ற வேண்டும். சொல்லின் நடுவே வில் திரும்பினால் அது கேட்பவருக்குத் தெரியாதபடி திரும்ப வேண்டும். தானம் வாசிக்கையில் குறுகிய, தெளிவான வீச்சுகள் தேவைப்படும். துவாரம் வெங்கடசுவாமி நாயுடு (1893–1964), டி. என். கிருஷ்ணன் (1928–2020) ஆகியோர் நீண்ட வில் வீச்சுக்காகச் சிறப்பாகப் பேசப்படுபவர்கள். சரளி வரிசையை முதற்காலத்தில், ஒரு சுரத்திற்கு ஒரு முழு வில்லாக, அடியிலிருந்து நுனிவரையும் நுனியிலிருந்து அடிவரையும் ஒரே அளவு ஒலியில் வாசித்துப் பழகுவது தொடக்க மாணவருக்கு ஏற்ற பயிற்சியாகும். எட்டுச் சுரங்களும் சமமாக ஒலிக்கும்வரை இரண்டாம் காலத்திற்குச் செல்ல வேண்டியதில்லை.